உலோக ஹப் யாருக்கெல்லாம் வேண்டும்? மவுண்டன்போர்டு சக்கரத்தில் சிறுதொகுதித் தயாரிப்பின் கணக்கு

மவுண்டன்போர்டு என்ற சக்கரப் பலகையை ஓட்டுகிறவர்களிடையே அவ்வப்போது ஒரு விசாரிப்பு கிளம்பும். “அலுமினியத்தில் சக்கர ஹப் கொஞ்சம் செய்யலாம் என்றிருக்கிறோம், யாருக்கெல்லாம் வேண்டும்?” உடனே கை தூக்குகிறவர்கள் நிறைய. பிறகு கேள்விகள் வரும்: ஆக்சில் எத்தனை மில்லி, எந்த டயர், பெல்ட்டா கியரா? விலையைக் கேட்டால், எத்தனை பேர் சேருகிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பார்கள். முன்பணம் என்றதும் கூட்டம் கலையும். மதுரைப் பக்கம் கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் நாலு நாளில் கடைந்து தந்துவிடுவார்களே, இதற்கு ஏன் இவ்வளவு சுற்று என்று ஓட்டுகிறவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

இந்தக் கேள்விகள் வீண் இழுத்தடிப்பு இல்லை. எத்தனை பேருக்கு ஹப் வேண்டும் என்பதைவிட, எத்தனை பேருக்கு ஒரே வரைபடத்தின்படி ஹப் வேண்டும் என்பதே விலையையும், வேலை நடக்குமா என்பதையும் முடிவு செய்கிறது. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

ஹப்பின் வேலை என்ன?

மவுண்டன்போர்டு என்பது கரடுமுரடான தரையில் ஓட்டுவதற்கான பலகை. 1990களின் தொடக்கத்தில் உருவம் பெற்றது. அமெரிக்காவின் கொலராடோவில் 1993இல் தொடங்கிய எம்பிஎஸ் நிறுவனம் இதன் முன்னோடிகளில் ஒன்று. நீளமான பலகை, பாதத்தைப் பிடிக்கும் பட்டை, முன்னும் பின்னும் ஆக்சிலைத் தாங்கும் ட்ரக் என்ற பாகம், காற்றடிக்கும் நாலு டயர். டயரின் வெளிவிட்டம் பெரும்பாலும் 8 அங்குலம், அதாவது 200 மி.மீ. அளவில் இருக்கும். 9, 10 அங்குலமும் உண்டு.

டயருக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருப்பது ஹப். சைக்கிளில் ஹப், ஸ்போக், ரிம் மூன்றும் தனித்தனி. இங்கே மூன்றும் ஒரே பாகம். அதை இரண்டு பாதியாகச் செய்து, நடுவில் டயரையும் டியூபையும் வைத்து, போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஒவ்வொரு பாதியிலும் ஒரு பேரிங் உட்காரும். மின்சாரப் பலகையாக இருந்தால் ஒரு பக்கத்தில் பெல்ட் புல்லியோ கியரோ ஏறும்.

நம் பக்கத்தில் இந்த இரண்டு பாதி அமைப்புக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. நாகமலை அடிவாரத்துச் செம்மண் தடமோ மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையோ, எங்கே போனாலும் சீமைக் கருவேல முள் காத்திருக்கும். பஞ்சர் ஒட்ட ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்தாக வேண்டும். பனிமலை ஊர்களில் ஓட்டுகிறவர் எப்போதோ கழற்றும் போல்ட்டை நாம் அடிக்கடி கழற்றி மாட்டுகிறோம். பிளாஸ்டிக்கில் வெட்டிய மரை இப்படிக் கழற்றி மாட்டுவதை அதிக காலம் தாங்காது.

பிளாஸ்டிக் போதாதா?

பலருக்குப் போதும் என்பதே என் கணிப்பு. மோட்டார் இல்லாமல் சரிவில் இறங்கி ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி இழை கலந்த நைலான் ஹப் நல்ல பொருள்தான். அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், இந்த நைலானுக்கு அதில் ஏறத்தாழ பாதிதான். கல்லில் இடித்தால் கொஞ்சம் வளைந்து மீளும். அலுமினிய விளிம்பு அதே இடியில் நசுங்கினால் நசுங்கியதுதான்.

மின்சாரப் பலகைக்குக் கணக்கு வேறு. மோட்டார் 5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிறது, பெல்ட் விகிதம் 1:4 என்று வைத்துக்கொள்வோம். ஹப்புக்கு 20 நியூட்டன் மீட்டர் வரும். புல்லியின் ஆரம் 50 மி.மீ. என்றால், பெல்ட் அந்த ஓரத்தை 400 நியூட்டன் அளவுக்கு இழுக்கிறது. இது ஏறத்தாழ 40 கிலோ எடை ஒரு பக்கமாகத் தொங்குவதற்குச் சமம். பிரேக் போட்டால் அதே விசை எதிர்த்திசையில் வரும். நைலான் இதற்கு நெளிகிறது. ஹப் நெளிந்தால் புல்லி சாய்கிறது, பெல்ட் ஓரம் தேய்கிறது, பல் தாண்டுகிறது. அலுமினியத்தின் விறைப்பு இந்த வகை நைலானைப் போலப் பல மடங்கு. உலோக ஹப் கேட்பவர்களில் மோட்டார் வைத்தவர்களே அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

காற்றழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரிம் விட்டம் 100 மி.மீ., டயர் அதிகமாகப் புடைக்கும் இடத்தின் விட்டம் 150 மி.மீ., அழுத்தம் 40 பிஎஸ்ஐ என்று எடுத்தால், இரண்டு பாதியையும் பிரிக்கப் பார்க்கும் விசை 2,700 நியூட்டனுக்கு அருகில் வருகிறது. ஏறத்தாழ 270 கிலோ. சின்னச் சக்கரம்தானே என்று காற்றை இறக்காமல் போல்ட்டைக் கழற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த எண் சொல்லும். காற்றை முழுதும் இறக்கிய பிறகே ஹப்பைப் பிரிக்க வேண்டும். உலோகமானாலும் பிளாஸ்டிக்கானாலும் இதில் விலக்கு இல்லை.

துல்லியம் எங்கே வேண்டும்?

“லேத்தில் கொடுத்தால் கடைந்து தரமாட்டார்களா” என்ற கேள்விக்கு விடை இங்கேதான். ஹப்பின் வெளித்தோற்றம் அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. நாலு இடங்களில் அப்படி விட முடியாது.

1. பேரிங் உட்காரும் குழி. சக்கரத்தில் ஆக்சில் சுற்றுவதில்லை, ஹப்தான் சுற்றுகிறது. சுமை எப்போதும் ஒரே திசையிலிருந்து வர, பேரிங்கின் வெளி வளையம் சுற்றிச் சுற்றி அதற்கு அடியில் வந்து போகிறது. இந்த நிலையில் வெளி வளையம் குழியில் தளர்வாக இருந்தால் மெல்ல நகர ஆரம்பித்து, மென்மையான அலுமினியத்தைத் தேய்த்துவிடும். அதனால் 28 மி.மீ. பேரிங்குக்கான குழியை 28ஐவிடச் சற்றுச் சின்னதாகவே கடைவார்கள். என்7 என்ற பொருத்த வகையில் குழி 27.972இலிருந்து 27.993 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடைவெளி 0.021 மி.மீ. பட்டறைகளில் புழங்கும் வெர்னியரின் ஒரு கோடே 0.02 மி.மீ.தான். ஆகவே வெர்னியரால் இதை அளந்து ஒப்புக்கொள்ள முடியாது. குழியின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வேண்டும், இல்லாவிட்டால் போகும், போகாது என்று இருமுனை கொண்ட பிளக் கேஜ் வேண்டும்.

மதுரை வெயிலும் இதற்குள் வருகிறது. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹப் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் 28 மி.மீ. குழி, பேரிங்கைவிட 0.009 மி.மீ. அதிகம் விரிகிறது. குளிரூட்டிய அறையில் இறுக்கமாக இருந்த பொருத்தம், சித்திரை மத்தியானத்தில் பிரேக் சூட்டோடு சேர்ந்து தளரும். இறுக்கம் இருக்கும் பக்கமாகவே அளவை வைப்பது இதனால்தான்.

2. இரு பாதியும் ஒரே மையத்தில் சேர்வது. இரண்டு பேரிங்கும் வெவ்வேறு பாதியில் இருப்பதால், பாதிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளிப் பொருந்தினாலும் பேரிங்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்காது. போல்ட் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் போல்ட்டைவிட அதன் துளை எப்போதும் பெரியது. ஒரு பாதியில் உயர்ந்த வட்ட விளிம்பு, மறு பாதியில் அதற்கேற்ற பள்ளம் என்று கடைந்து, அவை ஒன்றுக்குள் ஒன்று அமர வேண்டும். அந்த விளிம்பையும் பேரிங் குழியையும் லேத்தின் சக்கில் ஒரே பிடியில் வைத்துக் கடைய வேண்டும். கழற்றித் திருப்பி மாட்டினால் மையம் போய்விடும். ஹப் செய்து தருவதாகச் சொல்கிற எவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். பதிலில் அவருக்கு வேலை தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

3. இடைக்குழாய். இரண்டு பேரிங்குகளின் உள் வளையங்களுக்கு நடுவே நிற்கும் சின்னக் குழாய் இது. வெளி வளையங்கள் அமரும் தோள்களுக்கு இடையே உள்ள தூரமும் இதன் நீளமும் ஒத்துப்போக வேண்டும். குழாய் குட்டையாக இருந்தால், ஆக்சில் நட்டை இறுக்கும்போது உள் வளையங்கள் உள்ளே இழுபட்டு, பந்துகள் பக்கவாட்டில் நசுங்கும். சக்கரம் கனமாகச் சுற்றுகிறதே என்று நட்டைத் தளர்த்தினால் ஆட்டம் வரும். “பேரிங் சீக்கிரம் போய்விடுகிறது” என்ற புகாருக்குப் பல நேரம் இந்தக் குழாய்தான் காரணம். 200 மி.மீ. சக்கரம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கும் குறைவாகவே சுற்றுகிறது. பேரிங்குக்கு அது ஒரு வேகமே இல்லை. பேரிங்கைக் கெடுப்பவை பக்கச் சுமையும் செம்மண் தூசியும்.

4. அனோடைசிங் பூச்சு. அலுமினியத்தின் மேல்பரப்பையே மின்வேதி முறையில் ஆக்சைடாக மாற்றுவது அனோடைசிங். அந்த அடுக்கில் ஏறத்தாழ பாதி வெளிப்பக்கம் வளரும். 15 மைக்ரான் பூச்சு என்றால் குழியின் விட்டம் 0.015 மி.மீ. குறையும். மேலே சொன்ன 0.021 மி.மீ. இடைவெளியில் பெரும்பகுதியை இந்தப் பூச்சே விழுங்கிவிடுகிறது. குழியை மூடிவிட்டுப் பூச வேண்டும், இல்லாவிட்டால் கடையும்போதே இதற்கு இடம் விட வேண்டும்.

எந்த உலோகம், எந்த முறை?

சிறுதொகுதிக்குப் பெரும்பாலும் 6061-டி6 அலுமினியத்தை எடுக்கிறார்கள். நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை சுமார் 275 மெகாபாஸ்கல். கடைவதற்கு எளிது, அனோடைசிங் நன்றாக ஏறும், உருளைக் கம்பியாகக் கிடைக்கும். 7075 என்ற அலுமினிய வகை இன்னும் வலிமையானது. ஆனால் விலை அதிகம், துருவை எதிர்ப்பதிலும் 6061க்குப் பின்னால்தான். சக்கரத்துக்கு அந்த வலிமை தேவையில்லை.

வார்த்தால் மலிவாக முடியாதா? மணல் அச்சில் வார்ப்பதற்கு மரமாதிரிச் செலவு குறைவுதான். ஆனால் வார்ப்பில் நுண்துளைகள் வரும். குதித்து இறங்கும் சக்கரத்தில் அது எங்கே விரிசலாகும் என்று எக்ஸ்ரே இல்லாமல் சொல்ல முடியாது. தவிர, பேரிங் குழியையும் விளிம்பையும் எப்படியும் கடைந்தே ஆக வேண்டும். முதல் தொகுதிக்கு முழுக் கம்பியிலிருந்து கடைவதே சரி. இதில் வீண் அதிகம். 110 மி.மீ. விட்டக் கம்பியில் இரண்டு பாதிக்கும் சேர்த்து 60 மி.மீ. வெட்டினால் எடை ஒன்றரை கிலோ. முடிந்த ஹப் அரைக் கிலோகூட இருக்காது. மீதியெல்லாம் சீவலாகப் பழைய உலோகக் கடைக்குப் போகும்.

விலை எப்படி உருவாகிறது?

ஒரு தோசை சுட்டாலும் ஐம்பது சுட்டாலும் கல்லைக் காயவைத்தே ஆக வேண்டும். ஹப்பில் கல் காயும் செலவு இவை: வரைபடம், கணினி இயக்கும் சிஎன்சி லேத்துக்கும் விஎம்சி என்ற மில்லிங் இயந்திரத்துக்கும் ப்ரோக்ராம், பாதிகளைப் பிடிக்கத் தனி ஃபிக்ஸர், கேஜ், செட்டிங் செய்யும்போது கெட்டுப்போகும் முதல் சில துண்டுகள். அனோடைசிங்கிலும் தொட்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும்.

பட்டறைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். மாதம் முழுதும் ஒரே உதிரிபாகம் ஓடும் இயந்திரத்தை நிறுத்தி, நம் வேலைக்காக டூல் மாற்றி, அதன் அளவை இயந்திரத்தில் பதிந்து, முடிந்ததும் பழையபடி மாற்ற வேண்டும். அந்த நேரமெல்லாம் அவருக்கு இயந்திரம் சும்மா நிற்கும் நேரம். செட்டிங் சார்ஜ் கேட்பதில் பேராசை எதுவும் இல்லை.

கணக்கு புரிவதற்காக இரண்டு எண்களை வைத்துக்கொள்வோம்; இவை விலைப்பட்டியல் அல்ல. ஒருமுறைச் செலவு ரூ.80,000. அதற்குமேல் ஒவ்வொரு ஹப்புக்கும் பொருள், இயந்திர நேரம், பூச்சு சேர்த்து ரூ.2,500. ஒரு செட் என்றால் நாலு ஹப்.

- 5 செட்: ஹப் ஒன்று ரூ.6,500, செட் ரூ.26,000
- 10 செட்: ஹப் ரூ.4,500, செட் ரூ.18,000
- 25 செட்: ஹப் ரூ.3,300, செட் ரூ.13,200
- 50 செட்: ஹப் ரூ.2,900, செட் ரூ.11,600

ஐந்திலிருந்து இருபத்தைந்துக்குப் போகும்போது செட்டின் விலை பாதியாகிறது. அங்கிருந்து ஐம்பதுக்குப் போனால் ரூ.1,600தான் குறைகிறது. ஆகவே இந்தக் கணக்கில் 25 செட்டைத் தாண்டி ஆள் தேடி மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயன் குறைவு. விலையைக் கேட்டால் “பார்த்துச் சொல்கிறோம்” என்பதற்கு இதுவே காரணம். ஆனாலும் அப்படிச் சொல்லி நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலே உள்ளதுபோல ஒரு பட்டியலை முதல் நாளே காட்டிவிட வேண்டும். இத்தனை பேர் சேர்ந்தால் இவ்வளவு என்று தெரிந்தால்தான் ஒருவர் நண்பரையும் அழைத்து வருவார்.

ஆள் கணக்கும் வரைபடக் கணக்கும்

இருபத்தைந்து பேர் கை தூக்கிவிட்டார்கள். வேலையைத் தொடங்கலாமா? அவர்களுடைய பலகைகளைப் பாருங்கள். ஆக்சில் 9.5, 10, 12 மி.மீ. என்று மூன்று வகை. புல்லி மாட்டும் துளை அமைப்பு இரண்டு வகை. ரிம் அகலம் இரண்டு வகை. மூன்றையும் பெருக்கினால் 12 வகை ஹப். வகைக்கு இரண்டு பேர் என்றால் இது 25 செட் வேலை இல்லை. இரண்டிரண்டு செட்டாகப் பன்னிரண்டு வேலை. மேலே உள்ள பட்டியலின் முதல் வரியைவிட மோசமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

நல்ல வடிவமைப்பு இந்த முடிச்சை அவிழ்க்கும். இந்த மூன்று ஆக்சிலுக்கும் 28 மி.மீ. வெளிவிட்டமும் 8 மி.மீ. தடிமனும் உள்ள பேரிங் கிடைக்கிறது. 12 மி.மீ.க்கு எந்த பேரிங் கடையிலும் இருக்கும் 6001, 10 மி.மீ.க்கு 16100, 9.5 மி.மீ.க்கு இந்தப் பலகைகளுக்கென்றே விற்கும் பேரிங். ஹப்பின் குழி மூன்றுக்கும் ஒன்றே. மாறுவது பேரிங்கும் இடைக்குழாயும் மட்டும். புல்லியின் துளை அமைப்பையும் ஹப்பில் வெட்டாமல், தனித் தட்டாகச் செய்து நடுவில் வைக்கலாம். தட்டில் துளை மாற்றுவது சின்ன வேலை. இப்படி 12 வகை, ரிம் அகலம் என்ற ஒன்றில் மட்டும் மாறும் 2 வகையாகச் சுருங்கும். இரண்டாவது அகலத்துக்குக் கூடுதலாக ரூ.50,000 ஒருமுறைச் செலவு என்றாலும், 25 செட்டுக்குச் செட் ரூ.15,200தான் வருகிறது.

அதனால் விசாரிப்பில் கேட்க வேண்டியவை இவை:

1. ஆக்சில் விட்டம். வெர்னியர் வைத்து அளந்து சொல்ல வேண்டும். 9.5க்கும் 10க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது.
2. இப்போது போட்டிருக்கும் டயரின் பெயர், அளவு. ரிம் அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டயரின் வெளிவிட்டம் மட்டும் தெரிந்தால் போதாது.
3. மோட்டார் உண்டா? இருந்தால் பெல்ட்டா, கியரா, புல்லித் துளைகள் எத்தனை, எந்த விட்டமுள்ள வட்டத்தில்?
4. நாலு ஹப்பும் வேண்டுமா, மோட்டார் உள்ள பின்சக்கரத்துக்கு இரண்டு போதுமா? இதைக் கேட்கத் தவறுவதுதான் அதிகம். பின்னால் மட்டும் உலோகம், முன்னால் பழைய நைலான் என்பது பலருக்கும் கட்டுப்படியாகும் ஏற்பாடு. அதே நேரத்தில், தொகுதியின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடக்கூடியதும் அதுவே.
5. பட்டியலில் எந்த விலை வரை சம்மதம், எந்த மாதத்துக்குள் வேண்டும்?

நிறம் பற்றிய கேள்வியை இந்தக் கட்டத்தில் எடுக்கவே கூடாது. சிவப்பா கறுப்பா என்ற பேச்சு தொடங்கினால் ஆக்சில் அளவு காணாமல் போய்விடும்.

முன்பணம்

கை தூக்குவதற்குச் செலவு இல்லை என்பதால் கை தூக்கியவர் எண்ணிக்கையை நம்பிக் கம்பி வாங்க முடியாது. முன்பணம் கட்டியவர் எண்ணிக்கையே உண்மையான எண்ணிக்கை. ஆனால் பணம் கேட்பவருக்கும் கடமை உண்டு. வரைபடமும் விலைப்பட்டியலும் காட்டிய பிறகே கேட்க வேண்டும். முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று எடுத்து, உண்மையான டயரிலும் ட்ரக்கிலும் மாட்டிப் பார்த்துப் படம் காட்டினால் இன்னும் நல்லது. இந்தத் தேதிக்குள் இத்தனை செட் சேராவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதித் தர வேண்டும். அந்தத் தேதிவரை பணத்தைத் தொடக்கூடாது. ஜிஎஸ்டியும் அனுப்பும் கட்டணமும் விலைக்குள் அடங்கியதா, வெளியே தனியா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

மதுரையில் செய்வதென்றால்

வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலை இருக்கிறது. பெல்ட்டும் ஆயில் சீலும் செய்யும் ஜேகே ஃபென்னரும் மதுரையில்தான் இருக்கிறது. ரப்பரும் வாகன உதிரியும் பழகிய ஊர் இது. கப்பலூர், கே. புதூர் தொழிற்பேட்டைகளில் இந்த அளவுத் துல்லியத்தில் வேலை செய்யும் பட்டறைகளைத் தேடிப் பிடிக்கலாம். பெரிய ஆலைக்கு உதிரிபாகம் தருகிற பட்டறையாக இருந்தால் போர் கேஜும் அளவு அறிக்கையும் அவர்களுக்குப் புதிதாக இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் மணிக்குக் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுப்பது மேல். அனோடைசிங்கை உள்ளூரில் தரமாகச் செய்கிறவர் அகப்படாவிட்டால் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு நாள் கூடும். சித்திரைத் திருவிழா வாரத்திலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் வேலை முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

முழுத் தொகுதிக்கு முன் ஒரு செட் மட்டும் செய்து, அளந்து, மோட்டாரோடு ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். அந்தச் செட்டில் குறை தெரிந்தால் ப்ரோக்ராமில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது. நூறு ஹப்பில் தெரிந்தால் முழுப் பணமும் சீவலாகும்.

ஹப் கையில் வந்ததும்

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. ஹப்பை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் குழி 0.04 மி.மீ.க்கு மேல் விரியும். பேரிங் கையழுத்தத்திலேயே இறங்கும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ள பேரிங்காக வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை அலுமினிய மரையில் வெறுமனே முறுக்கினால் நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மரையில் கொஞ்சம் ஆன்டிசீஸ் கிரீஸ் தடவுங்கள். மரையே வெட்டாமல், போல்ட் முழுதும் ஊடுருவி மறுபக்கம் தானாகத் தளராத நைலாக் நட்டில் முடியும் வடிவம் முள் அதிகமுள்ள நம் ஊருக்கு இன்னும் பொருத்தம். வரைபடக் கட்டத்திலேயே இதைக் கேட்டு வாங்குங்கள். போல்ட்டுகளைச் சுற்று வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டு அதன் பிறகே காற்றடிக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் காற்றை இறக்கிவிட்டு எல்லா போல்ட்டின் இறுக்கத்தையும் இன்னொரு முறை பாருங்கள்.